கதவு வைத்த அலமாரி

எங்கள் சமையலறை அலமாரிக்குக் கதவு வைத்தது நான்தான். மனைவி வேண்டாம் என்றாள். தச்சு வேலைக்கு வந்தவனும் வேண்டாம் என்றான். நான் வைத்தேன். என் மனைவிக்கு அப்போது கண் போய்க்கொண்டிருந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கொஞ்சம் இருட்டான இடத்தில் அநேகமாக ஒன்றுமே தெரியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டிருந்தது. அதை ஒருவரிடமும் மூச்சு விடாமல், வெறும் கைப்பழக்கத்தை வைத்துக்கொண்டு எனக்கும் என் அப்பாவுக்கும் பெருமாளுக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கடைசியில் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சுவாரசியம் எனக்கு வேண்டாம். அவள் கஷ்டத்தை வைத்து நான் வித்தை காட்டப் போவதில்லை.

திருவள்ளூரில் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணும் கைங்கர்யத்தில் இருந்து, வயதானபின் விட்டவர். அவருடைய அப்பாவும் அதே. குடும்பத்தில் முதன்முதலாக பேண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் நான். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே புதிதாக வந்திருந்த ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் படம் வரையும் வேலை, டிராஃப்ட்ஸ்மேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊத்துக்கோட்டை, அங்கே இன்னொரு பஸ். போகிற வழியெல்லாம் நெல் வயல். போய் இறங்கினால் இரும்பு வாசனை. எனக்கு அந்த வாசனைதான் பிடித்திருந்தது. ஒரு கோட்டை அரை நூல் பிசகாமல் போடத் தெரிந்தவனுக்கு உலகத்தையே நேராக்கிவிடலாம் என்று ஒரு திமிர் வரும். எனக்கு நிறையவே வந்திருந்தது.

எழுபதுகளின் ஆரம்பம் அது. தொழிற்சாலை மானேஜர் வடக்கத்திக்காரர். அவருக்கு வளாகத்துக்குள்ளேயே பங்களா. கார் நிறுத்த ஒரு கொட்டகை போடவேண்டும், அளவெடுத்து வா என்று ஒருநாள் என்னை அனுப்பினார்கள். தண்ணீர் கேட்டேன். கொண்டுவரப் போன வேலைக்காரர் கதவைத் திறந்தே விட்டுப் போக, உள்ளே சமையலறை தெரிந்தது. அடடா, நான் அப்படியே நின்றுவிட்டேன். இடுப்பளவு மேடை. சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று கதவுகள். ஒரு கரண்டிகூடக் கண்ணில் படவில்லை. சமைக்கிற இடம் என்று அடித்துச் சொன்னால்தான் நம்ப முடியும். தண்ணீரைக் குடித்தேனா என்று ஞாபகமில்லை. அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கம் எங்கள் சமையலறைச் சுவரை வரைய ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் சமையலறை எப்படி இருந்தது? தரையில் விறகடுப்பு. கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். சுவரில் முளை அடித்து அதன்மேல் போட்ட பலகைகள், மூன்று வரிசை. அதில் ஒன்றோடொன்று சேராத சாமான்கள்: கல்சட்டி, மரவை, மூடி நெளிந்த பித்தளைத் தூக்கு, வாய் உடைந்த ஜாடி, அவள் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த ஈயச்சொம்பு. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வழவழ, ஒன்று சொரசொர. என் கண்ணுக்கு அது பழைய பாத்திரக் கடை. அவள் கைக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள ஒருநாளாவது அங்கே பத்து நிமிஷம் நின்றிருக்க வேண்டும். நான் இலை போட்டபிறகு போய் உட்காருகிறவன்.

மூன்று விதமாகப் படம் போட்டேன். ஒன்று, கதவே இல்லாத திறந்த தட்டுகள். இரண்டாவது, பால் வைக்கிற அலமாரி மாதிரி கம்பிவலைக் கதவு. மூன்றாவது, மானேஜர் வீட்டைப் போல மூடிய பலகைக் கதவு, மேலே வெள்ளை மைக்கா ஒட்டியது. மூன்றையும் இங்க்கில் போட்டு, கீழே அளவெல்லாம் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முன்னால் விரித்தேன். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவள்தான் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். மூன்றாவது படத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அவள் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். மூக்கருகில் பிடித்தாள். தாளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

“என்ன, வீட்டுப் பத்திரமா படிக்கறே? படம்தானே” என்று கேலி செய்தேன்.

“கதவு வேண்டாமேன்னா” என்றாள்.

“ஏன்?”

“உள்ள கரப்பு வரும்.”

“திறந்து வச்சாத்தான்டி கரப்பு வரும். மூடி வச்சா எப்படி வரும்?”

கொஞ்சம் யோசித்தாள். “மக்கல் வாசனை வரும்” என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது, கதவுக்குக் கீழே காற்று போக வரிசையாக ஓட்டை போட்டிருந்தேன். கீல் சத்தம் போடும் என்றாள். எண்ணெய் விட்டால் போடாது என்றேன். ஒவ்வொன்றாக அவள் காரணம் சொல்ல, ஒவ்வொன்றாக நான் உடைத்தேன். எனக்கு அதில் குஷி வேறு. சதுரங்கத்தில் காய் வெட்டுகிற குஷி. உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாதவள்தான் இப்படிச் சில்லறைக் காரணமாக எடுத்துப் போடுவாள் என்று தோன்றவில்லை. கடைசியில் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“ஒங்க இஷ்டம்” என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ‘ஒங்க இஷ்டம்’ என்று சொன்னால் சம்மதம் என்று அர்த்தமில்லை. எனக்கு இதற்கு மேல் பேச வழியில்லை என்று அர்த்தம். இது கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பதுதான் சௌகரியம். நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் போய், “அவளும் சரின்னுட்டா” என்று சொன்னேன். அவர், “எச்சில் படாம, சமைச்சது பட்டுப் பத்து கலக்காம இருந்தா சரி, நீ எதை வேணா மாட்டிக்கோ” என்றார்.

மரம் தொழிற்சாலையிலிருந்தே கிடைத்தது. வெளிநாட்டு இயந்திரங்கள் வரும் பெரிய பெட்டிகளைப் பிரித்தபின் பலகைகளை வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். வெளுத்த, லேசான, பிசின் வாசனை அடிக்கிற பலகை. அந்தக் காலத்தில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் பாதி வீடுகளின் கதவு, கட்டில், கோழிக்கூடு எல்லாம் அந்தப் பெட்டி மரம்தான். பெட்டி பிரிக்கிற பகுதியில் வேலை செய்தவன் ஒருவன், கவரைப்பேட்டைக்காரன், தச்சு வேலை நன்றாகத் தெரிந்தவன். அவன் குடும்பம் முன்னால் கூலிக்கு வயல் வேலை செய்தது, இவன்தான் முதலில் ஃபேக்டரிக்கு வந்தான். என் வயசுதான் இருக்கும். லீவு போட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் வேலை செய்தான். வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் இழைப்புளி பிடித்தால் பேச்சு நின்றுவிடும். அப்பா பெருமாளைக் கூடத்துக்கு எழுந்தருளப்பண்ணிவிட்டு, அவன் போகிற வழியில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி டம்ளர் கொல்லைப்புறத்துச் சுவர்மேல் இருந்தது. தொழிற்சாலையில் ஒரே குழாயில் குடிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும். அது எனக்கு உறுத்தியது, ஆனால் நான் டம்ளரை மாற்றவில்லை.

மூன்றாம் நாள் கொல்லையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

“சார், தப்பா நென்ச்சிக்காதீங்க. கதவு வேணாம் சார். தொறந்த தட்டே வச்சிடலாம்.”

“ஏன்?”

“அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல போலக்குது சார்.”

நான் குனிந்து பலகை ஓரத்தில் முழக்கோலை வைத்துப் பார்த்தேன்.

“நேத்து ஜன்னலாண்ட உளி வச்சிருந்தேன். பட்டப்பகல்ல அத்த அப்டியே மெரிச்சிக்கினு போனாங்க. நல்ல வேளை, காலு அறுக்கல. அப்பால பாத்துக்கினே இருந்தேன். சாமானப் பாத்து எடுக்கல சார் அவங்க, தடவித்தான் எடுக்கறாங்க. எங்க நைனாவுக்கும் இப்டித்தான் ஆச்சி. வரப்பு தெரியாம வுழுந்து வுழுந்து எழுந்துக்கினு ஊட்டுக்கு வருவாரு. குடிச்சிட்டு வராருன்னு நாங்க எல்லாம் சண்ட போட்டோம். கடசில பாத்தா கண்ணு பூட்ச்சி. அந்தப் பேஜாரு உங்களுக்கு வேணாம் சார்.”

ஒரு மனுஷன் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் படத்தை ஒருவன் திருத்துகிறான் என்கிற கோபம் பாதி. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த டம்ளரில் குடிக்கிறவன் என் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்கிற கோபம்.

“கதவு போட்டா வேலை ஜாஸ்தி, அதானே?” என்றேன். “உன் வேலையைப் பாரு. எங்காத்துப் பொம்மனாட்டியைப் பத்தி நீ பேச வேண்டாம்.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. “சரி சார். தப்புதான் சார்” என்றான். மறுபடி இழைக்க ஆரம்பித்தான். அதற்குப்பின் வேலை முடிகிறவரைக்கும் என்னோடு அளவைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கதவுகளை மட்டும் அப்படி ஒரு நேர்த்தியாகச் செய்து கொடுத்தான், மூடினால் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

அன்று ராத்திரி அவளிடம், “உனக்குக் கண்ணு ஏதாவது தொந்தரவா?” என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வரி. கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் கதவைக் கழற்ற வேண்டிவருமே.

அலமாரி முடிந்தது. கடப்பைக் கல் மேடை, மேலே மண்ணெண்ணெய் ஸ்டவ், சுவரில் எட்டுக் கதவுகள். தட்டின் உயரம் எல்லாம் ஒன்பது அங்குலம் என்று நான் போட்டதால் அவளுடைய நெட்டைக் குட்டைச் சாமான் எதுவும் உள்ளே ஒழுங்காக நிற்கவில்லை. அதனால் என்ன? ஒரே அளவில் எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கினேன். பழைய ஜாடியையும் கல்சட்டியையும் பரணில் ஏற்றினேன். ஒவ்வொரு டப்பாவிலும் கறுப்புப் பெயிண்டில் பெயர் எழுதினேன். எழுத்து எனக்குச் சோறு போடுகிற விஷயம், ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அடுக்கியதும் அகர வரிசைப்படிதான். கல் உப்பில் ஈரம் கோத்துக்கொண்டு டப்பாவைக் கெடுக்கும் என்று அதற்குப் பதிலாகத் தூள் உப்பு வாங்கிப் போட்டேன். அதுவும் மானேஜர் வீட்டில் பார்த்ததுதான்.

தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நானே ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக் காட்டினேன். “மாமி, நீங்க கொடுத்து வச்சவா” என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். என் மனைவி சிரித்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊர் அவளைப் பார்த்துக் கொடுத்துவைத்தவள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் சமையலுக்கு நேரமாக ஆரம்பித்தது. ஆறு மணிக்கு ஆகிற தளிகை ஏழுக்கு ஆயிற்று. நான் முதல் பஸ்ஸுக்குப் பழையது சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஒருநாள் நெற்றியில் கோலிக்குண்டு மாதிரி வீக்கம். திறந்திருந்த கதவில் இடித்துக்கொண்டாளாம். “பாத்துப் போகக்கூடாதா?” என்றேன். சாயங்காலம் நான் வந்து பார்த்தால் எட்டுக் கதவும் ஆவென்று திறந்து கிடக்கும். வெளிச்சம் உள்ளே போகட்டும் என்று அவள் திறந்து வைத்திருப்பாள். “கதவு எதுக்குப் போட்டிருக்கு, மூடத்தானே?” என்று ஒவ்வொன்றாகப் பட்டுப் பட்டென்று சாத்துவேன். ஆனால் அவளும் விடாக்கண்டி. ஒரு மாதத்தில் டப்பாக்களை எண்ணியே பழகிக்கொண்டுவிட்டாள். இரண்டாவது கதவு, மேல்தட்டு, இடதிலிருந்து மூன்றாவது, நாலாவது என்று. தன் வசதிக்குச் சிலதை இடம் மாற்றியும் வைத்துக்கொண்டாள். நேரம் மறுபடி ஆறு மணிக்கு வந்தது. ஆச்சரியமான மனுஷி. நான் அதையும் என் அலமாரியின் பெருமை என்றே நினைத்தேன்.

அப்புறம் என் அம்மாவின் திவசம் வந்தது.

எங்கள் வீடுகளில் சமைக்கிறவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். பெருமாளுக்கு அமுது செய்யாமல் நாக்கில் வைத்தால் எச்சில், முகர்ந்து பார்த்தாலும் குற்றம். சின்ன வயசிலிருந்து கை அளவிலேயே பழகுவதால் தப்பு வராது. திவசத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பித்ருக்களுக்காகச் சாப்பிட உட்காருகிற சுவாமிகள் ருசியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. குறை சொல்லக்கூடாது, நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக்கூடாது. கடைசியில் கர்த்தா, அதாவது திவசம் செய்கிறவன், ‘திருப்திதானே’ என்று கேட்கவேண்டும், அவர்கள் திருப்தி என்று சொல்லவேண்டும்.

முதல் நாள் சாயங்காலம், நாளைக்கு நாலு பேர் வருவார்களே என்று அலமாரியை ஒரு பார்வை பார்த்தேன். சர்க்கரைக்கு அப்புறம் உப்பு இருந்தது. அகர வரிசையில் உப்புதானே முன்னால் வரவேண்டும்? இரண்டு டப்பாவையும் இடம் மாற்றி நேராக வைத்தேன். கதவைச் சாத்தினேன். அவள் கிணற்றடியில் இருந்தாள். சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுதித்தான் இருக்கிறதே.

மறுநாள் அவள் விடிவதற்கு முன்னே குளித்து, ஈரப்புடவையோடு மடியாகச் சமைத்தாள். தண்ணீர்க் கையை டப்பாவுக்குள் விடமுடியாது, கரண்டியால்தான் எடுத்துப் போட்டாள். சுவாமிகள் இரண்டு பேர் இலையில் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் கவளத்தில் பெரியவர் ஒரு கணம் நிறுத்தின மாதிரி இருந்தது. பிறகு சாப்பிட்டார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கண்ணமுது என்கிற பாயசத்தை விட்டபோது இருவருமே தண்ணீர் கேட்டார்கள். இலையில் ஒரு பருக்கை வைக்கவில்லை. நான் கேட்டேன். இருவரும் திருப்தி என்றார்கள். பெரியவர் போகும்போது என் தோளைத் தொட்டு, “ஆத்துக்காரியைக் கோச்சுக்காதே” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம் நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். கறிகாய் கறமது தித்தித்தது. ரசம், எங்கள் பேச்சில் சாத்தமுது, அதுவும் தித்தித்தது. உப்பு விழவேண்டிய அத்தனையிலும் சர்க்கரை விழுந்திருந்தது. பால் கண்ணமுதைக் கையில் எடுத்து வாயில் வைத்த அப்பா, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். கடல் தண்ணீர் மாதிரி கரித்தது அது. அம்மாவுக்கென்று செய்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள், “டப்பாவை மாத்தினேளா?” என்று கேட்டாள்.

“மாத்தினா என்ன? கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா?”

எத்தனை பேரை எத்தனை தடவை இப்படித் திட்டியிருப்போம்! சைக்கிளில் இடிப்பவனை, பஸ்ஸில் காலை மிதிப்பவனை. யாராவது அதற்குப் பதில் சொல்வார்களா?

“தெரியலை” என்றாள்.

நான் இன்னும் ஏதோ கத்த வாயெடுத்தேன்.

“நிஜமாவே தெரியலைன்னா. ரொம்ப நாளாத் தெரியலை. டப்பா தெரியும், எழுத்துத் தெரியாது. கதவுக்குள்ள டப்பாவும் தெரியாது.”

அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சுவிட்டாள். அந்தக் கவரைப்பேட்டைக்காரன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. பாவி நான்.

மெட்ராஸில் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, இருக்கிற பார்வையும் மெல்ல மெல்லக் குறையும் என்றார். திரும்பி வருகிற ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சாயங்காலமானா தடுமாறும். அம்மாகிட்டச் சொன்னேன். வாயைத் திறக்காதே, சொன்னா யார் பண்ணிப்பான்னு சொல்லிட்டா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எட்டு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்துண்டேனே” என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நான்தான் உடைத்தேன். “மன்னிச்சுடு” என்று சொல்லத் தெரியாமல், “காபி சாப்பிடறியா?” என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த வாரமே எட்டுக் கதவுகளையும் கழற்றினேன். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதை ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் அந்தத் தச்சனைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். “அம்மா எப்டி கீறாங்க சார்?” என்று கேட்டான், அவ்வளவுதான். வந்து கழற்றித் தரட்டுமா என்று கேட்டான். நானே கழற்றினேன், திருப்புளி வழுக்கி விரலில் குத்திக்கொண்டு.

ஆனால் அதற்குள் சமையலறை கை மாறிவிட்டது. அப்பா அவளைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. கோபித்திருந்தாலாவது ரோஷத்தில் சண்டை போட்டிருப்பாள். விஷயம் தெரிந்ததும் அவர் உருகிப்போய்விட்டார். “பாவம்டா, கண்ணு தெரியாத கொழந்தையை இத்தனை நாள் நெருப்புல நிறுத்தி வேலை வாங்கியிருக்கோம். இனிமே நான் பாத்துக்கறேன்” என்றார். மடப்பள்ளிக்காரர், அவருக்கா சமைக்கத் தெரியாது? அடுத்த நாளே ஸ்டவ் முன்னால் நின்றுவிட்டார். டப்பாக்களைத் தன் கைக்குத் தகுந்தபடி அடுக்கிக்கொண்டார். நானும் ஆமாம் பாவம் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு நல்லவர்களாக இருந்தோம்.

ஒரு காலையில் அவள் உள்ளே போய், “மாமா, கருவேப்பிலையாவது ஆஞ்சு தரட்டுமா?” என்று கேட்டது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

“நீ உக்காரும்மா” என்றார் அப்பா, அத்தனை பிரியமாக.

அவள் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ‘அப்பா, அவளே பண்ணட்டும், கூட இருந்து சொல்லிக்கொடுப்போம்’ என்று நான் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. அவளுக்கு வெளிச்சம், நிழல் மட்டும் தெரிகிற அளவுக்குக் கண் இறங்கிவிட்டது. அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் ஊருக்குப் போனபின், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு ஒரு ஆசை வந்தது. பரணில் ஏறி அவளுடைய பழைய சாமான்களை எல்லாம் இறக்கினேன். தேய்த்துக் கழுவி அவள் முன்னால் வைத்தேன்.

“எதை எங்க வைக்கணும்னு நீ சொல்லு. அப்படியே வைக்கறேன். முன்ன இருந்த மாதிரியே” என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. மரவையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். ஜாடியின் உடைந்த வாயில் விரலை ஓட்டினாள். எழுந்து வந்து தட்டில் கை வைத்தாள். வலது பக்கம் நகர்ந்தாள், திரும்பி இடது பக்கம் வந்தாள். நின்றாள். கை அந்தரத்தில் நின்றது.

“வெந்தயம் எங்க வச்சிருந்தேன்?” என்றாள்.

தன்னையேதான் கேட்டுக்கொள்கிறாள் என்று நினைத்துப் பித்தளைத் தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கை மறந்துடுத்துன்னா. ஒண்ணு ஞாபகம் வந்தா மீதியெல்லாம் தானா வந்துடும். எட்டு வருஷம் பாத்திருக்கேளே, சொல்லுங்கோளேன். வெந்தயம் மேல்தட்டா, நடுத்தட்டா?”

அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, நான் சொல்லுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் மறந்துபோச்சு” என்றேன். நான் ஒருநாள்கூடப் பார்த்ததே இல்லை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?